ஓர் ஆளுக்கு ஒரு பெயர்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. அதனால் இணையத்தில் கத்த நினைக்கிற தமிழன் ஆச்சரியக்குறியைப் பிடித்துக்கொள்கிறான். "அவசரம்!!!!!!" என்று தலைப்பு வைப்பான். பதறிப்போய் உள்ளே பார்த்தால் "யாராவது இருக்கீங்களா?" என்று ஒற்றை வரி இருக்கும். இருக்கிறோம், சொல்லித் தொலை என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் எழுத மாட்டேன், ஏனென்றால் நான்தான் அந்த இணைய மன்றத்தின் மட்டுறுத்துநர், அதாவது அங்கே ஒழுங்கைப் பார்த்துக்கொள்கிற ஆள்.

எனக்குச் சொந்தமாக ஒரு கடை இருக்கிறது. இன்குபேட்டருக்கு உதிரி பாகம் விற்கிறேன். கோழி முட்டைகளைத் தட்டுத் தட்டாக உள்ளே அடுக்கி, சூடும் ஈரமும் கொடுத்து, தாய்க்கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்க வைக்கிற இயந்திரம் அது. வாங்கிப் போனவர்கள் போன் போட்டே என் உயிரை எடுத்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பதிலை ஒரு தடவை எழுதிப் போட்டுவிட்டால் அனைவரும் படித்துக்கொள்வார்கள் என்று நம்பி இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினேன். இங்கே கேட்கிறவன்தான் உண்டு, படிக்கிறவன் கிடையாது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

"கடைக்கு வர்றவங்கள மூஞ்சி காட்டி விரட்டிட்டு, மூஞ்சி தெரியாதவங்களுக்கு உக்காந்து பதில் எழுதுங்க" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

மன்றம் என்றால் விதி வேண்டும். யாரையும் 'டா' போட்டுப் பேசக்கூடாது, அறிவு இருக்கிறதா என்று விசாரிக்கக்கூடாது. தலைப்பிலேயே பிரச்சினையைச் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு பெயர்தான். இரண்டு பெயரில் வந்து தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லித் தானே கைதட்டுகிற வேலையெல்லாம் ஆகாது. எந்த ஊர், யார் பிள்ளை என்று துருவக்கூடாது, இயந்திரத்தைப் பற்றி மட்டும் கேட்கலாம். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது கடைசி விதி. பிரச்சினை தீர்ந்ததும் திரும்பி வந்து எப்படித் தீர்ந்தது என்று எழுத வேண்டும். "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடிப்போகிறவனைப் போல ஒரு சுயநலக்காரனை நான் பார்த்ததில்லை.

'பழைய இரும்பு' என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் ஒரு பெண்மணியிடம், "அறிவிருக்கா? ஈரப்பதம் பாக்காம மெஷின் எதுக்கு, துணி காயப்போடவா?" என்று கேட்டார். பதில் சரிதான், அந்தப் பெண்மணியின் கோளாறு அதுவேதான். இருந்தாலும் அவரை ஒரு வாரம் எழுதவிடாமல் நிறுத்தி வைத்தேன். திரும்பி வந்து இன்னொருவரை மடையன் என்றார். மறுபடியும் நிறுத்தினேன். மூன்றாம் முறை எனக்குத் தனிமடல் எழுதினார்.

"எனக்கு இப்படித்தான் பேச வரும். வீட்டிலும் இப்படித்தான். நான் என்ன செய்ய?"

எழுதியதை அனுப்பும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள், அதையே வேறொருவர் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் கை ஓங்குவீர்களா என்று யோசியுங்கள், ஓங்குவீர்கள் என்றால் அழித்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். எல்லோருக்கும் அனுப்புகிற பதில்தான் அது. அதன்படி நடந்தவர் என் அனுபவத்தில் இந்த ஒருவர்தான். அதற்குப் பிறகு மனிதர் ஆளே மாறிவிட்டார். "வணக்கம்" இல்லாமல் தொடங்க மாட்டார். "தயவுசெய்து" இல்லாமல் ஒன்றையும் செய்யச் சொல்ல மாட்டார். "என் அனுபவத்தில்" என்று பணிவாக ஆரம்பித்து, கேட்டவர் மனம் கோணாமல் கோளாறைச் சொல்வார். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை.

பொரிப்பு வேலை இரண்டு கட்டமாக நடக்கும். நல்ல முட்டையாகப் பொறுக்கி, தட்டில் அடுக்கி, நாள் தவறாமல் திருப்பி, விளக்கில் காட்டிக் கரு வளர்கிறதா என்று பார்ப்பது முதல் கட்டம். கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பாமல், கதவைத் திறக்காமல், குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வரும்வரை காப்பது இரண்டாவது கட்டம். பழைய இரும்புக்கு இரண்டாவது கட்டம் கைவந்த கலை. ஆனால் முதல் கட்டத்தில் சின்னப்பிள்ளைக் கேள்விகளாகக் கேட்பார். விளக்கில் பார்க்கும்போது சிவப்பாக வளையம் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார். அது செத்துப்போன கரு என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிடும். இத்தனை வருஷம் இந்த ஆள் என்னதான் செய்தார் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அந்தக் கேள்விகளுக்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னவர் 'மூன்றாம் தட்டு'. இவர் அதற்கு நேர் எதிர். எந்த முட்டையைப் பார்த்தாலும் ஜாதகம் சொல்லிவிடுவார், ஆனால் கடைசி மூன்று நாளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருவரும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள், சொல்லிக்கொண்டார்கள், நன்றி தெரிவித்துக்கொண்டார்கள். 'மிக்க நன்றி ஐயா', 'நன்றி எதற்கு ஐயா' என்று பக்கம் பக்கமாக ஓடியது. படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் திகட்டத்தான் செய்தது.

ஒரு நாள் மூன்றாம் தட்டு மன்றத்தில் ஒரு திரி, அதாவது புதிய உரையாடல், தொடங்கினார். "இரண்டாம் முறையும் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்துவிட்டன, இதுவே கடைசி முயற்சி" என்று தலைப்பு. விதிப்படி அமைந்த, சுத்தமான தலைப்பு. பல நாள் சும்மா கிடந்த இயந்திரத்தை எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கி இரண்டு தொகுதி வைத்ததாகவும், இரண்டிலும் குஞ்சுகள் முழுசாக வளர்ந்து, ஓட்டைக் குத்திய பிறகு உள்ளேயே காய்ந்து செத்துப்போனதாகவும் எழுதியிருந்தார். மூன்றாவது தொகுதி இப்போது உள்ளே இருக்கிறது. இதுவும் போனால் இயந்திரத்தை விற்றுவிட்டு, மனைவியின் அண்ணன் இருக்கிற ஊருக்குப் போய் அவருடைய கம்பெனியில் வண்டி ஓட்டப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டாராம். மைத்துனர் வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டார்.

பழைய இரும்பு உடனே பதில் எழுதினார். "வணக்கம். தயவுசெய்து விற்க வேண்டாம். முட்டையை இவ்வளவு நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் வண்டி ஓட்டப் போவது நியாயமில்லை. கடைசி நாட்களில் எத்தனை முறை கதவைத் திறப்பீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?"

அந்தக் கேள்விக்கு மூன்றாம் தட்டு பதில் சொல்லவில்லை. மழுப்பிவிட்டு வேறு எதையோ பேசினார். வெட்கப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

இந்தச் சமயத்தில்தான் 'கம்பளிப்பூச்சி' என்ற உறுப்பினர் எனக்குப் புகார் எழுதினார். பெயருக்கேற்ற ஆள். "இந்த இருவரும் ஒரே ஆள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குச் சரியாகத் தெரிகிறது, கவனித்தீர்களா? தானே கேட்டு, தானே சொல்லி, தானே நன்றி சொல்லிக்கொள்கிறார். உங்கள் கண் முன்னால் நாடகம் நடக்கிறது."

மட்டுறுத்துநருக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. யார் எந்த இணைய இணைப்பிலிருந்து எழுதுகிறார் என்று அதன் எண்ணைப் பார்க்கலாம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். இருவருக்கும் ஒரே எண் இருந்தது. பழைய பதிவுகளையும் புரட்டினேன், ஒரு பதிவுகூட விலகவில்லை. ஒரே வீடு, ஒரே இணைப்பு, இரண்டு பெயர். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்த 'ஐயா', 'தயவுசெய்து' எல்லாவற்றையும் நம்பி, புதிதாக வருகிறவர்களுக்கு உதாரணமாக நானே காட்டியிருக்கிறேன்.

நிறுத்தி வைப்பதை எல்லோரும் பார்க்கக் காரணத்தோடு அறிவிப்பது எங்கள் மன்றத்து வழக்கம். அறிவித்தேன். "பழைய இரும்பு, மூன்றாம் தட்டு ஆகிய இரு பெயர்களும் ஒரே வீட்டின் ஒரே இணைப்பிலிருந்து எழுதுகின்றன. ஓர் ஆளுக்கு ஒரு பெயர் என்ற விதியின்படி இரண்டும் நிறுத்தி வைக்கப்படுகின்றன." பொத்தானை அழுத்திவிட்டு, விசிறி பெல்ட் கேட்டு வந்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன். நிறுத்தப்பட்டவர்கள் மன்றத்தைப் படிக்கலாம், எழுதத்தான் முடியாது.

அழுத்துவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் மூன்றாம் தட்டு எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. "ஓட்டில் துளை விழுந்து நேற்றிலிருந்து அப்படியே நிற்கிறது, கதவைத் திறந்து உதவலாமா?" என்று கேட்டிருந்தார். பார்த்திருந்தால் பொத்தானைக் கொஞ்சம் பொறுத்து அழுத்தியிருப்பேன். அழுத்தாமல் இருந்திருக்க மாட்டேன், விதி என்றால் விதிதான்.

இதற்கு மேல் நடந்ததை மூன்று பேர் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்றும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

அது ஒரே வீடுதான், நடுவில் ஒரு சுவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பொரிப்பகம் நடத்தியவர்கள். முட்டை பார்ப்பது தம்பி வேலை, கடைசி மூன்று நாள் அண்ணன் வேலை. பொரிப்பு அறைக்குள் தம்பி தலையை நீட்டினால், "போடா வெளிய, நீ தொட்டா விளங்காது" என்பார் அண்ணன். விளக்கறைக்குள் அண்ணன் வந்தால் தம்பி வேண்டுமென்றே விளக்கை அணைத்துவிடுவார். ஒரு தொகுதி முழுக்கச் செத்துப்போனபோது, உறவுக்காரர்கள் முன்னால் அண்ணன் வாயை விட்டார். பாகம் பிரித்தார்கள். ஆளுக்கு ஒரு இயந்திரம் போனது. தராசு ஒருவருக்கு, எடைக்கல் இன்னொருவருக்கு. நீளமான கூடத்தின் குறுக்கே செங்கல் சுவர் எழும்பியது. எந்தப் பக்கம் யார் பூசுவது என்று முடிவாகாததால் இன்றுவரை பூசவில்லை. பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது.

பிரிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், இணைய இணைப்பு. அது இருவருக்கும் நடுவில் பிறந்த சகோதரியின் பெயரில் இருந்தது. அவர் வேறு ஊரில் இருக்கிறார். "உங்களுக்குப் பொதுவா இருக்கறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு நான், இன்னொண்ணு அந்த நெட்டு. ரெண்டுல எதையும் வெட்ட விடமாட்டேன்" என்று சொல்லி மாதாமாதம் அவரே கட்டி வந்தார். சுவர் கூரையைத் தொடாமல் மேலே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தது. அந்த வழியாக ஒயர் அந்தப் பக்கம் போனது.

இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எப்படி அடையாளம் தெரியாமல் போயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அண்ணன் வாயில் 'தயவுசெய்து' வரும் என்று தம்பி கனவிலும் நினைத்ததில்லை. தம்பிக்கு விஷயம் தெரியும் என்று அண்ணன் கனவிலும் நினைத்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்சுச் சத்தம் கேட்கவே இல்லை என்பது அண்ணனுக்குத் தெரியும். அதற்கு அவர் மகிழ்ந்தாரா வருந்தினாரா என்று நான் கேட்கவில்லை. துருவக்கூடாது என்பது நான் எழுதிய விதி.

அன்று மதியம் தம்பி இயந்திரத்தின் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி வழியே பார்த்தால் முட்டைகளில் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தன, அசைவு இல்லை. அவர் மனைவி பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் வந்துச்சா?"

"இல்ல. நம்மள நிறுத்திட்டாங்க. நீங்களும் அந்தப் பழைய இரும்பும் ஒரே ஆளாம். ஒரே வீட்ல இருந்து எழுதறீங்களாம்."

"என்ன உளர்றாங்க?"

"நம்ம வீட்ல வேற யாரு எழுதறாங்க?" என்று கேட்டவர், கேட்டு முடிப்பதற்குள் நிமிர்ந்து அந்த ஒயரைப் பார்த்தார். கணவரும் பார்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஒரு நீண்ட பதிலை அடித்து முடித்து அனுப்பப் பார்த்தார். போகவில்லை. அறிவிப்பைப் படித்தார். முதலில் என்னைத் திட்டினார், அந்த வார்த்தைகள் இங்கே வேண்டாம். பிறகு எழுந்து வந்து சுவரை ஒட்டி நின்றார். அவர் உதடு அசைந்ததை அவர் மனைவி பார்த்திருக்கிறார். சொல்லப்போவதை ஒரு முறை தனக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் குரலை உயர்த்தினார்.

"வணக்கம்."

இந்தப் பக்கம் இருவரும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெஷின் கதவத் தயவுசெஞ்சு தொறக்காதீங்க."

தம்பி பிடியிலிருந்து கையை எடுத்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல், பிறந்ததிலிருந்து கேட்டிராத 'நீங்க'. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

"சரிங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நேத்துல இருந்து அப்படியே நிக்குதுங்க" என்றார்.

"நிக்கட்டுங்க. ஓட்டைக் குத்திட்டு குஞ்சு சும்மா இருக்காது, மூச்சு விடப் பழகும். மிச்ச மஞ்சக்கருவ உள்ள இழுத்துக்கும். நாம இப்ப ஓட்டைப் பிரிச்சா ரத்தம் வந்துடும். ஈரம் எவ்வளவு காட்டுது?"

சொன்னார்.

"நல்லா இருக்குதுங்க. போன தடவ எத்தன தரம் தொறந்தீங்க?"

மன்றத்தில் மழுப்பிய கேள்வி மறுபடி வந்து நின்றது. "கணக்கே இல்லீங்க. பயத்துல தொறந்து தொறந்து பாத்தேன். தண்ணிகூடத் தெளிச்சேன்."

"தொறக்கத் தொறக்க ஈரம் போயிடுங்க. உள்ள இருக்கற சவ்வு காஞ்சு குஞ்சு மேலயே ஒட்டிக்கும். அதான் வெளிய வர முடியல."

"எனக்கு யாரும் சொல்லித் தரலீங்க."

"நான் சொல்லிக் குடுத்திருக்கணுங்க" என்றார் அண்ணன். "உள்ள வர விட்டிருக்கணும். தப்பு என்னுதுங்க."

தம்பியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று கேட்டால், இரண்டும்தான் என்றார் என்னிடம்.

"மெஷின விக்கறதா எழுதியிருந்தீங்களே?" என்றார் அண்ணன்.

"குஞ்சு வரலைன்னா வித்துத்தாங்க ஆகணும்."

"அது வரைக்கும் நான் இங்கயே இருக்கேங்க. கை பரபரன்னா ஒரு குரல் குடுங்க." ஸ்டூலை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

தம்பியின் கை பலமுறை பரபரத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் "என்னங்க?" என்றால், "வேண்டாங்க" என்று சுவர் பதில் சொல்லியிருக்கிறது. மறுநாள் காலையில் குஞ்சுகள் வந்தன. எல்லாம் வந்துவிடவில்லை, ஆனால் பெரும்பாலும் வந்தன. கூடம் முழுக்கக் கீச்கீச்சென்று ஒரே சத்தம். அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று பகலில் சகோதரி என் கடைக்குப் போன் செய்தார். "ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு எப்படிங்க போட்டீங்க? ஒரே ஆளா இருந்தா நான் எதுக்குங்க நாலு வருஷமா ஒரே விஷயத்த ரெண்டு ரெண்டு தரம் போன்ல சொல்லிட்டுக் கெடக்கறேன்?" என்றார். கேள்வி நியாயமாக இருந்தது. இரண்டு ஆட்கள் என்று உறுதி செய்துகொண்டு இரண்டு பெயரையும் திறந்துவிட்டேன். ஒரே இணைப்பைப் பகிர்கிற உடன்பிறந்தவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று புதிதாக ஒரு விதியும் சேர்த்தேன். கம்பளிப்பூச்சி அதற்கும் குறை சொன்னார்.

மன்னிப்புக் கேட்டீர்களா என்றாள் மனைவி. எதற்குக் கேட்க வேண்டும்? ஆளுக்குப் பாதி தொழில் தெரிந்து வைத்திருந்த இரண்டு பேரைப் பார்த்து ஒரே ஆள் என்றேன். முழுக்கத் தப்பு என்று எவனாவது சொல்லட்டும்.

மூன்றாம் தட்டு கடைசி விதியை மறக்கவில்லை. திரும்பி வந்து, கதவு, ஈரம், சவ்வு என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, "தீர்ந்தது" என்று அடையாளமிட்டார். பழைய இரும்பு அதன் கீழே "மிக்க மகிழ்ச்சி ஐயா" என்று எழுதினார். மன்றத்தில் இன்றைக்கும் அவர்கள் அப்படித்தான். சில நாள் கழித்து மூன்றாம் தட்டிடமிருந்து எனக்கு ஒரு தனிமடல் வந்தது.

"ஐயா, நேற்று அண்ணன் எங்கள் பக்கம் வந்தார். நான் தட்டு அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, 'அறிவிருக்காடா உனக்கு? இப்படியாடா அடுக்குவ?' என்று என் மனைவி முன்னால் கத்தினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மன்ற விதிப்படி இது தவறு என்று தெரியும். தயவுசெய்து இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது."

நான் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.